கழுத்துக்கு ஒரு தராசு: ரக்பி ஆடும் பசங்களை நான் அளக்கிற விதம்

முதல் தடவை 14 பேரின் கழுத்து பலத்தை அளந்தேன். 14 அளவும் குப்பைக்குப் போயின. காரணம் தேங்காய் எண்ணெய். காலையில் அம்மா தலையில் தேய்த்து அனுப்பிய எண்ணெய் பதினோரு மணி வெயிலில் நெற்றிக்கு இறங்கிவிடும். தராசோடு கட்டிய பெல்ட்டை நெற்றியில் மாட்டித் தலையால் தள்ளச் சொன்னால் அது வழுக்கிக்கொண்டு புருவத்துக்கு வரும். "நான் இன்னும் தள்ளவே ஆரம்பிக்கலீங் சார், பெல்ட்டு தானா ஓடுதுங்" என்றான் ஒருவன். தராசு 9 கிலோ காட்டியது. நெற்றியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி பெல்ட்டுக்குள் வைத்து மறுபடி பார்த்தபோது அதே பையன் 14.2 கிலோ. ஐந்து நிமிஷத்தில் யாருக்கும் கழுத்து பலம் ஒன்றரை மடங்கு ஆகாது.

சோமனூர்ப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறவன் நான். வார நாளில் என்னிடம் வருவது தறி ஓட்டுகிறவர்களின் இடுப்பும் தோளும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ரக்பி செவன்ஸ் அணி, அதாவது ஏழு பேர் ஆடும் ரக்பி. பாதிப்பேர் கபடியிலிருந்து வந்தவர்கள். பயம் கிடையாது, பிடி பலம். ஆனால் கணுக்காலைப் பிடிக்கப் பழகிய உடம்பு தலையைக் குனிந்துகொண்டுதான் பாயும். ரக்பியில் அப்படிப் பாய்ந்தால் எதிராளியின் முழங்காலோ இடுப்பெலும்போ நேராக மண்டைக்கு வரும். அதனால்தான் கழுத்தை அளக்க ஆரம்பித்தேன்.

எதை அளக்கிறோம் என்று முதலில் பேசிவிடலாம். மனிதத் தலை ஏறக்குறைய 4.5 முதல் 5 கிலோ. அது கழுத்து என்ற தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மூளை அதிர்ச்சிக்கு மண்டை எதிலாவது இடிக்க வேண்டும் என்றே இல்லை. உடம்பில் விழுந்த அடியில் தலை சட்டென்று சுழன்றாலும் போதும். அந்தச் சுழற்சியைக் கழுத்துத் தசை கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்பதுதான் கணக்கு. 2014-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 6,704 பள்ளி விளையாட்டு வீரர்களின் கழுத்தை அளந்து பார்த்தார்கள். ரக்பி இல்லை, கால்பந்து, கூடைப்பந்து, லக்ராஸ். கழுத்து பலம் ஒரு பவுண்டு கூடினால் மூளை அதிர்ச்சிக்கான வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் பயன்படுத்தியது கையில் பிடித்து இழுக்கும் ஒரு சாதாரணத் தராசு. அதைப் படித்ததும்தான் எனக்கும் தைரியம் வந்தது.

ஆனால் அதோடு நின்றால் தப்புக்கணக்கு. 2005-ல் கல்லூரிக் கால்பந்து வீரர்களுக்கு 8 வாரம் கழுத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பலம் கூடியது. தலையை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தால் தலை முன்பு ஆடிய அளவே ஆடியது. ஏன்? மண்டையில் நேராக விழும் அடி பத்துப் பதினைந்து மில்லிசெகண்டில் முடிந்துவிடும். கழுத்துத் தசை அனிச்சையாக விழித்துக்கொள்ளவே சுமார் 50 முதல் 80 மில்லிசெகண்ட் ஆகும். விழித்த பிறகு விசை ஏற இன்னும் நேரம். திருடன் வேலி தாண்டிய பிறகு நாய் குரைக்கிற கதை. ஆகவே அடிக்கு முன்பே இறுகியிருக்கும் கழுத்துதான் வேலைக்கு ஆகும். எனக்கு இப்போது மூன்று கேள்வி: எவ்வளவு பலம், எவ்வளவு வேகத்தில் அந்த பலம் வருகிறது, சொல்லாமல் இழுத்தால் என்ன ஆகிறது. மூன்றாவதுதான் முக்கியம். முதலாவது சுலபம் என்பதால் எல்லோரும் அதோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள்.

யாரை நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது

தலையில் அடிபட்டு இன்னும் முழுக்கத் தேறாதவன், கழுத்து வலியோடு வந்தவன், தலைசுற்றல் உள்ளவன், கை மரத்துப்போகிறது என்பவன், மோதலில் தோளிலிருந்து விரல் வரை கரண்டு அடித்த மாதிரி ஒருமுறையாவது ஓடியது என்பவன் ஆகியோரை அளக்காதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள். கடைசியாகச் சொன்னதைப் பசங்கள் தானாகச் சொல்லவே மாட்டார்கள். "கை ஜிவ்வுன்னு இழுத்துச்சாடா கண்ணு?" என்று கேட்டால்தான் வரும். 18 வயதுக்குள் என்றால் வீட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எனக்கு ஒரு அப்பாரு வந்து, "பேரனோட கழுத்துல கயிறு கட்டி இழுக்கறீங்களாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான்.

நாற்காலி, பெல்ட், தராசு

நாற்காலியைப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் செய்து, நான்கு காலையும் தரையோடு போல்ட் போட்டேன். அசையும் நாற்காலி பலத்தைத் தின்றுவிடும். மார்புக்கு உக்கடம் பழைய சாமான் கடையில் வாங்கிய கார் சீட் பெல்ட். அக்குளுக்குக் கீழே ஒன்று, இடுப்பில் ஒன்று. கால் தரையில் ஊன்றக் கூடாது, தொங்கட்டும். கையை மார்பில் குறுக்காகக் கட்டச் சொல்லுங்கள். காலும் கையும் ஊன்றினால் நீங்கள் அளப்பது தொடையின் பலம்.

தலைக்கு 5 செ.மீ. அகல நாடா. நம் ஊரில் நாடாவுக்கா பஞ்சம்? அதிலிருந்து நீட்சி இல்லாத கயிறு, கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டு எடை பார்க்கும் டிஜிட்டல் கைத்தராசு, தராசின் மறுமுனை சுவரில் ஆங்கர் போல்ட்டில். உச்ச எடையைப் பிடித்து நிறுத்திக்காட்டும் தராசாக வாங்குங்கள். முன்பக்கம் தள்ளுவதை அளக்க நாடா புருவத்துக்கு மேலே, கயிறு பின்சுவருக்கு. பின்பக்கம் தள்ள, நாடா பிடரியில் துருத்தும் எலும்புக்கு மேலே, கயிறு முன்சுவருக்கு. பக்கவாட்டுக்கு நாடா காதுக்கு மேலே. நான்கிலும் கயிறு கிடைமட்டமாக இருக்க வேண்டும். கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டத்தைக் கயிற்றோடு ஒட்டிப் பிடித்தால் தெரிந்துவிடும். கயிறு சாய்ந்தால் அளவும் சாயும்.

தராசை நம்புவதற்கு முன் சோதியுங்கள். ஜிம் தட்டில் 10 கிலோ என்று பொறித்திருந்தாலும் அது 10 கிலோ என்று அர்த்தமில்லை. என் தட்டுகளை மளிகைக் கடையில் அரசு முத்திரை போட்ட தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 9.6 இருந்தது. அன்று கடைக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே!

தள்ளச் சொல்வதிலும் ஒரு முறை உண்டு. முதலில் கழுத்தைச் சூடாக்கி, பாதி பலத்தில் இரண்டு தடவை. அப்புறம் நிஜம்: "மெதுவா ஆரம்பி, மூணு சொல்றப்போ முழு பலம், அஞ்சு வரைக்கும் பிடி, மூச்சை அடைக்காதே." ஒவ்வொரு திசையிலும் மூன்று தடவை, நடுவே ஒரு நிமிஷம் ஓய்வு. மூன்றாவதுதான் பெரியது என்றால் நான்காவதும் எடுங்கள். அவன் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறான். தாடை முன்னால் துருத்தினால் அந்தத் தடவை செல்லாது. நாம் கயிற்றை இழுத்து அவன் கழுத்தை மடக்கிப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம். அவன் தள்ளட்டும், சுவர் தாங்கட்டும்.

தராசின் எண்ணைப் பையனுக்குக் காட்டாதீர்கள். ஒரு தடவை நான் சத்தமாக வாசித்தேன். இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு தள்ளினார்கள். ஒருவனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது; இரண்டு நாள் தலையை உடம்போடு சேர்த்துத்தான் திருப்பினான். தப்பு என்னுடையது.

கணக்கு இதுதான். கிலோவை 9.81-ஆல் பெருக்கினால் நியூட்டன். 14.2 கிலோ என்பது 139 நியூட்டன். ஆனால் நெட்டைக் கழுத்தும் குட்டைக் கழுத்தும் ஒன்றல்ல. பிடரிக்குக் கீழே, தலையைக் குனிந்தால் துருத்தும் ஏழாவது கழுத்தெலும்பிலிருந்து நாடா வரை உயரத்தை அளந்து மீட்டரில் பெருக்குங்கள். 18 செ.மீ. என்றால் 139 × 0.18, சுமார் 25 நியூட்டன் மீட்டர். இருவரை ஒப்பிட இந்த எண். ஒரே பையனைப் போன மாதத்தோடு ஒப்பிட நியூட்டனே போதும்.

கழுத்துச் சுற்றளவையும் டேப்பில் எடுத்து எழுதுகிறேன், ஆனால் அதை நம்புவதில்லை. காங்கேயம் காளையைத் திமில் பார்த்து விலை பேசுகிற ஊர் இது. தடித்த கழுத்தைப் பார்த்ததும் "இவன் தாங்குவான்" என்று கோச் முடிவு கட்டிவிடுகிறார்.

பின்பக்கம் தள்ளும் பலம் முன்பக்கத்தைவிட அதிகமாகத்தான் இருக்கும். தலைகீழாக வந்தால் பையனைச் சந்தேகப்படாமல் பெல்ட்டைப் பாருங்கள். இடது வலது வித்தியாசம் பெரிதாக இருந்தால் பழைய அடி ஏதாவது உண்டா என்று விசாரியுங்கள். பயிற்சியே கொடுக்காமல் ஒரு வாரம் விட்டு அதே பசங்களை மறுபடி அளந்து, உங்கள் கைக்கு எவ்வளவு முன்பின் வருகிறது என்று தெரிந்துகொள்வதும் அவசியம். எனக்கு 8 சதவீதம் வந்தது. ஆகவே யாராவது 5 சதவீதம் கூடினால் நான் கைதட்டுவதில்லை.

வேகம்

கைத்தராசு உச்சத்தைத்தான் சொல்லும்; அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லாது. அதற்கு எஸ் வடிவ லோட்செல், அதாவது விசையை மின்சிக்னலாக மாற்றும் சென்சார், 100 கிலோ தாங்குவது. அந்தச் சிக்னலை எண்ணாக்க எல்லோரும் வாங்குகிற எச்எக்ஸ்711 போர்டு விநாடிக்கு 10 அல்லது 80 அளவுதான் எடுக்கும். 80 என்றாலும் இரண்டு அளவுக்கு நடுவே 12.5 மில்லிசெகண்ட் இடைவெளி. விசை ஏறும் சரிவை உத்தேசமாகப் பார்க்க அது ஆகும். தசை எப்போது விழித்தது என்று பார்க்க ஆகாது. அதற்கு விநாடிக்கு 1,000 அளவாவது வேண்டும். கடைசி வருஷ இன்ஸ்ட்ருமென்டேஷன் மாணவர் யாரையாவது பிடியுங்கள். ப்ராஜெக்ட்டுக்கு ஆள் தேடுவதைவிட அவர்கள் ப்ராஜெக்ட் தேடி அலைவதுதான் அதிகம். இந்தத் தடவை பையனிடம் "மெதுவா" என்று சொல்லக் கூடாது. "விசில் கேட்டதும் பட்டுன்னு தள்ளு" என்று சொல்லி, முதல் 100 மில்லிசெகண்டில் எவ்வளவு நியூட்டன் ஏறியது என்று பாருங்கள்.

சொல்லாமல் இழுப்பது

இதற்குத் தசையின் மின்சாரத்தைக் கேட்க வேண்டும். இஎம்ஜி. இரண்டு தசை போதும். ஒன்று எஸ்சிஎம்: தலையை ஒரு பக்கம் திருப்பிக் கொஞ்சம் தூக்கினால் மறுபக்கம் காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை கயிறு மாதிரி எழுமே, அது. நெஞ்செலும்பிலிருந்து அளந்தால் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒட்டுங்கள். இன்னொன்று மேல் ட்ரபீசியஸ்: ஏழாவது கழுத்தெலும்புக்கும் தோள்முனைக்கும் சரியாக நடுவில். இரண்டு எலக்ட்ரோடு நடுவே 20 மி.மீ., தசை ஓடும் திசையிலேயே. முடியைச் சிரைத்து, ஸ்பிரிட் போட்டு, காயவிட்டு ஒட்டுங்கள். எண்ணெய் கதை இங்கேயும் உண்டு.

முதல் பதிவைப் பார்த்தபோது திரை முழுக்க ஒரே சீரான அலை. பையன் சும்மா உட்கார்ந்திருக்கிறான், தசையோ அலறுகிறது. எண்ணிப் பார்த்தால் விநாடிக்கு 50. வீட்டுக் கரண்டு! பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் தறிக்குடோன், மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. 50-ஐ மட்டும் வெட்டும் ஃபில்டர் போடலாம்; அது தசையின் சிக்னலிலும் ஒரு கடி கடித்துவிடும். இந்த அளவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியதுதான் நல்ல ஃபில்டர். தறி ஓடாது. ட்யூப்லைட்டை அணைத்து, லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுகிறேன். உடம்பில் வயர் ஒட்டியிருக்கும்போது சார்ஜரில் ஓட்டுவது ஆபத்தும்கூட. மற்றபடி 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை மட்டும் வைத்துக்கொண்டால் வயர் ஆடும் குப்பை பெரும்பாலும் போய்விடும்; வயரைத் தோளில் டேப் போட்டு ஒட்டினால் மிச்சமும் போகும். மலிவு விலை சென்சார் வாங்கினால் ஒன்று கவனியுங்கள்: அவற்றில் பல, சிக்னலை வழவழப்பாக்கி அனுப்பும். பார்க்க அழகு, நேரம் தள்ளிப்போகும். வழவழப்பாக்காத சிக்னல் வரும் முனையிலிருந்து எடுங்கள்.

இழுப்புக்கு ஒரு கப்பி. தலை நாடாவிலிருந்து கயிறு கப்பி மேல் போய் தொங்குகிறது. அதில் 1 கிலோ எடை 15 செ.மீ. விழும். சுமார் ஒன்றரை ஜூல். மைதானத்து மோதலோடு ஒப்பிட்டால் செல்லத் தட்டு. அரை கிலோவில் ஆரம்பித்துத்தான் 1 கிலோவுக்குப் போகிறேன். எடை கொஞ்சத்துக்கு மேல் கீழே இறங்காதபடி தடுப்பு உண்டு. தடுப்பு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், பிசியோவோ டாக்டரோ பக்கத்தில் இல்லாமலும் செய்யாதீர்கள். ஒரு பையனுக்கு ஒரு நாளில் எல்லாம் சேர்த்துப் பத்து இழுப்பு, அதற்குமேல் இல்லை.

ஐந்து தடவை "மூணு, ரெண்டு, ஒண்ணு" சொல்லி விடுகிறேன். ஐந்து தடவை சொல்லாமல். இரண்டையும் கலந்து, சீட்டுக் குலுக்கி வந்த வரிசையில். கண்ணைக் கட்டி, காதில் பாட்டு ஹெட்போன். எண்ணிச் சொல்லும் தடவைக்கு மட்டும் ஒரு காதை விலக்கிவிடுவேன். ஹெட்போன் இல்லாத நாளில் எடையைப் பிடித்திருக்கும் என் உதவியாளரின் செருப்புச் சத்தத்தை வைத்தே பசங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பக்கவாட்டில் போன், விநாடிக்கு 240 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் சுமார் 4 மில்லிசெகண்ட். காது மடல் முன்னால் ஒரு பொட்டு, கண்ணோரத்தில் ஒரு பொட்டு. இரண்டையும் சேர்க்கும் கோடு எத்தனை டிகிரி திரும்பியது என்று பாருங்கள். ஸ்டிக்கர் பொட்டுதான், அக்காவிடம் கேட்டால் ஒரு அட்டை கிடைக்கும். எடை கயிற்றை இறுக்கும் கணத்தில் எரியும் ஒரு சின்ன எல்இடி வைத்து, அதே சிக்னலை இஎம்ஜி பதிவுக்கும் அனுப்பினால் வீடியோவும் தசையும் ஒரே கடிகாரத்தில் ஓடும்.

தசை எப்போது விழித்தது என்பதைக் கண்ணால் குறிக்காதீர்கள். இழுப்புக்கு முந்தைய 200 மில்லிசெகண்டின் சராசரியை எடுத்து, அதன் மேல் மூன்று திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி அளவுகள் சிதறும் அளவு) தாண்டி, 25 மில்லிசெகண்டாவது அங்கேயே நின்றால் அதுதான் ஆரம்பம். இது சொல்லாமல் இழுத்ததற்குச் சரி. சொல்லி இழுத்ததில் இந்தக் கணக்கு ஏமாற்றும், ஏனென்றால் அங்கே தசை ஏற்கெனவே எழுந்து நிற்கிறது. அடிப்படையே உயர்ந்திருக்கும்போது "ஆரம்பம்" என்று எதைச் சொல்வது? அங்கே நேரத்தை விட்டுவிட்டு, இழுப்புக்கு முன்பே முழு பலத்தில் எத்தனை சதவீதம் இறுகியிருந்தது என்று பாருங்கள். அதற்காகத்தான் முழு பலத்தில் தள்ளும்போதும் ஒரு தடவை இஎம்ஜி எடுத்து வைக்க வேண்டும்.

எங்கள் ப்ராப் (ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியும் தோளைப் பூட்டி முட்டித் தள்ளும்போது, முன்வரிசையில் நிற்பவன்) ஒருவன், பல்லடத்துக்காரன், முன்பக்கம் 22.6 கிலோ; அணியிலேயே அதிகம். சொல்லாமல் இழுத்தால் அவன் தலை 17 டிகிரி போனது. மைதான ஓரத்தில் ஓடும் ஒல்லியான விங் பையன் 13 கிலோகூட வராதவன், அவனுக்கு 19. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் எண்ணிச் சொல்லி இழுத்தபோது விங் பையன் 9-க்கு வந்துவிட்டான், ப்ராப் 15-லேயே நின்றான். எண்ணும்போது அவன் தசைப் பதிவைப் பார்த்தால் தட்டையாகக் கிடந்தது. பலம் பெட்டியில் பூட்டியிருக்கிறது, சாவி எடுக்க அவனுக்குத் தெரியவில்லை. "ஸ்க்ரம்முல நல்லாத்தானுங் நிக்கறேன்" என்றான். நிற்பான். ஸ்க்ரம்மில் ரெஃப்ரி "க்ரௌச், பைண்ட், செட்" என்று சொல்லி விடுகிறார். மோதல் வரும் நேரம் தெரியும், பிடித்திருக்கும் தோள் வேறு இருக்கிறது. பந்தோடு ஓடுபவனைப் பிடித்துச் சாய்க்கும் டேக்கிளில் யார் எண்ணிச் சொல்வார்கள்?

அதனால் அவனுக்குக் கொடுத்தது கூடுதல் எடை இல்லை. வாரம் மூன்று நாள், வார்ம்-அப்பிலேயே ஜோடியாக நின்று நெற்றியில் கை வைத்துத் தள்ளுவது. பிறகு டேக்கிள் பையை நோக்கி நடந்துபோய், தோள் தொடுவதற்கு ஒரு அடி முன்னால் தோளைச் சற்றுத் தூக்கி, தாடையை உள்ளே இழுத்து, கண்ணை மேலே வைத்துக் கழுத்தை இறுக்குவது. முதலில் நடந்து, பிறகு ஓடி. ரக்பியின் உலக அமைப்பான வேர்ல்ட் ரக்பியின் ஆக்டிவேட் என்ற வார்ம்-அப் திட்டத்திலும் கழுத்துப் பயிற்சி உண்டு. இங்கிலாந்துப் பள்ளிகளில் அதை வாரம் மூன்று தடவை செய்த அணிகளில் மூளை அதிர்ச்சி 59 சதவீதம் குறைந்ததாக 2017-ல் ஆய்வு வந்தது. கழுத்து மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது, காலும் இடுப்பும் சேர்ந்த திட்டம் அது. பத்து வாரம் கழித்து ப்ராப் சொல்லி இழுத்ததில் 10 டிகிரி. பலம் 23 கிலோ, கிட்டத்தட்ட அதே. சொல்லாமல் இழுத்தது அசையவே இல்லை, 17. அது அசையாது என்று நானும் எதிர்பார்த்தேன்; அதற்கு மருந்து கண்ணை மேலே வைத்து அடி வருவதைப் பார்ப்பதுதான்.

பெரிய அணிகளில் பல்லுறைக்குள்ளேயே சென்சார் இருக்கிறது. உயர்மட்ட ஆட்டங்களில் 2024 ஜனவரியிலிருந்து தலைக்காயப் பரிசோதனையோடு அதைச் சேர்த்துவிட்டார்கள். நமக்கு அந்த விலை எட்டாது. மெத்தென்ற தலைக்கவசம் வாங்கித் தரட்டுமா என்று கேட்கும் பெற்றோருக்கு: அது தோல் கிழிவதைத் தடுக்கும், மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. கழுத்து எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக, தலையில் அடிபட்டவனை அன்றைக்கே மறுபடி இறக்குவதும் கூடாது. சந்தேகம் என்றாலே வெளியே.

சீசனுக்கு முன் ஒன்று, நடுவில் ஒன்று, நீண்ட காயத்துக்குப் பிறகு டாக்டர் சரி சொன்னதும் ஒன்று என்று அளக்கிறேன். எப்போதும் பயிற்சிக்கு முன்னால். களைத்த கழுத்து வேறு கழுத்து. நோட்டில் தேதி, நேரம், நாடாவின் உயரம், பெல்ட் எந்த ஓட்டையில் மாட்டியது, முந்தின நாள் ஆட்டம் உண்டா என்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். கடைசியில் "எண்ணெய்: ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நோட்டைப் பார்த்த கோச் சிரித்தார். போன மாதம் ஒருவனுக்கு 4 கிலோ குறைந்தபோது அவரே அந்தக் கட்டத்தைத்தான் முதலில் தேடினார்.